வேண்டாக் கடிதமும் முறைப்பாட்டுப் பெட்டியும்

ஹெவ்லொக் டவுனில் நாம் குடியிருக்கும் ஒழுங்கைக்குள் தபாற்காரரின் சைக்கிள் மணியோசை கேட்பது இப்பொழுது அருமையாகிவிட்டது. வந்தாலும் மின்சாரப் பட்டியலோ வங்கிக் கடிதமோதான் கொண்டுவருகிறார். ஏனைய கடிதங்கள் யாவும் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்து நெடுநாளாயிற்று. அவற்றுடன் கூடவே, அழையா விருந்தாளிகளும் வந்து சேர்ந்தனர். பெறாத பரிசுக்கு வாழ்த்துக் கூறுவோரும், காணாத தேசத்து இளவரசரின் செல்வத்திற் பங்கு தர முன்வருவோரும் நாள்தோறும் நம் வாசற்படியில் நிற்கின்றனர். இவற்றை ‘ஸ்பாம்’ என்று உலகம் அழைக்கிறது. தகரத்தில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர் அது. 1970ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில் அப்பெயரே திரும்பத் திரும்ப ஒலித்துப் பிறர் பேச்சையெல்லாம் அமுக்கிவிட்டமையால், வேண்டாத அஞ்சலுக்கு அது பெயராக ஒட்டிக்கொண்டது.

இவ்விடயத்தில் நமக்கு அக்கறை பிறந்த காரணத்தை முதலிற் கூறிவிடுதல் நன்று. நாம் கற்பிக்கும் கல்லூரியிலிருந்து பொறியியற் பீடத்துக்குத் தெரிவான மாணவன் ஒருவனுக்கு விடுதிச் செலவுக்கும் ஒரு கணினிக்குமாகப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. தந்தையற்ற பிள்ளை; தாயார் வெள்ளவத்தையில் தையல் வேலை செய்பவர். பழைய மாணவரின் முகவரிப் புத்தகத்தை எடுத்து, ரொறன்ரோ, இலண்டன், சிட்னி எனப் பரந்து வாழும் முந்நூறு பேருக்கு ஒரே மாலையில் மின்னஞ்சல் அனுப்பினோம். மூன்றாம் நாள் கல்லூரியின் மின்னஞ்சற் கணக்கே முடக்கப்பட்டது. நம் அஞ்சலைத் தாங்கி நடத்தும் நிறுவனத்தாரைக் கேட்டபோது, “நீங்கள் ஸ்பாம் அனுப்புவதாக முறைப்பாடு வந்திருக்கிறது” என்றனர். பிள்ளையின் கல்விக்காகக் கையேந்திய நாமா இளவரசர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்! முறையிட்டவர் யார்? அம்முறைப்பாடு எவ்வழியாகப் போயிற்று? ஆராயப் புகுந்தோம்.

பழைய கடித உறைகளைப் பார்த்திருப்பீர்கள். அனுப்புநர் தம் பெயரை எப்படியும் எழுதலாம். ஆனால் தபாற்கந்தோர் குத்தும் முத்திரை பொய் சொல்லாது. மின்னஞ்சலும் அவ்வாறே. நாம் திரையிற் காணும் ‘அனுப்புநர்’ பெயரை எவரும் புனையலாம். ஆனால், கடிதம் கடந்துவரும் ஒவ்வொரு சேர்வரும், தான் எந்த இலக்கத்திலிருந்து அதனைப் பெற்றது என்பதைத் தலைப்பில் ஒரு வரியாகப் பொறித்துவிடுகிறது. வஞ்சகர் கீழ்வரிகளைப் போலியாகச் சேர்க்கலாம். நம்முடைய சொந்தச் சேர்வர் மேலே எழுதிய வரியை அவர்களால் மாற்றவியலாது.

இந்த முத்திரையை வாசித்துக் கள்வனின் வீட்டைக் கண்டுபிடிப்பதே முறைப்பாட்டுச் சேவைகளின் தொழில். 1998இல் ஜூலியன் ஹெயிற் என்பவர் தொடங்கிய ‘ஸ்பாம்கொப்’ இதற்கு நல்ல உதாரணம். வேண்டாக் கடிதத்தைத் தலைப்புடன் முழுமையாக அங்கே கொடுத்தால், அது வரிகளை ஆராய்ந்து, கடிதம் புறப்பட்ட இலக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். அவ்விலக்கம் எந்த நிறுவனத்துக்குரியது என்பதைப் பதிவேட்டிற் பார்க்கும். இலங்கை உட்பட ஆசிய பசுபிக் நாடுகளின் பதிவேடு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள ‘ஏப்னிக்’ அமைப்பிடம் இருக்கிறது. பின்னர் முறையிட்டவரின் முகவரியை மறைத்து, உரிய நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பும். இத்தகைய முறைப்பாடுகளை ஏற்கவென ‘அபியூஸ்’ என்னும் பெயரில் ஓர் அஞ்சற்பெட்டி வைத்திருத்தல் வேண்டுமென்பது 1997இல் வகுக்கப்பட்ட இணைய வழக்கு.

சாமானியர் இவ்வளவு சிரமப்படுவதில்லை; திரையிலுள்ள ‘ஸ்பாம்’ பொத்தானை அழுத்துகின்றனர். யாகூ போன்ற பெருநிறுவனங்கள், முன்னரே பதிந்துகொண்ட அஞ்சல் நிறுவனங்களுக்கு அக்கடிதத்தின் பிரதியை இயந்திரம் வாசிக்கத்தக்க அமைப்பில் உடனே திருப்பி அனுப்பிவிடும். அவ்வமைப்பு 2010இல் நியமமாக்கப்பட்டது. ஜிமெயில் தனித்தனிக் கடிதங்களைத் திருப்புவதில்லை, நூற்றுவீதத்தையே காட்டுகிறது. 2024 பெப்ரவரி முதல் அந்த வீதம் 0.3ஐ எட்டலாகாது என விதித்துள்ளனர். முந்நூறு கடிதத்தில் ஒருவர் விரல் பட்டாலே எல்லை கடந்துவிடும் என்பதைக் கணக்குத் தெரிந்த மாணவர் கண்டுகொள்வர்.

அறிக்கை வந்தபின் நிறுவனம் செய்வதே முக்கியம். நேர்மையானவர்கள் விசாரிப்பர். கடவுச்சொல் களவு போன அப்பாவியாயின் கணக்கைப் பூட்டி அறிவிப்பர். வேண்டுமென்றே செய்தவனாயின் வெளியேற்றுவர். வேறு சிலர் முறைப்பாட்டை அக்கயவனுக்கே கொடுத்துவிடுவர். அவன் முறையிட்டவரின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஏனையோரைத் தொடர்ந்து வதைப்பான். முறைப்பாட்டை மதிப்பதுபோன்ற இப்பாசாங்கை நாம் பெருங்குற்றமென்றே கருதுகிறோம்.

அத்தகையோரை அடக்கத் தடைப்பட்டியல்கள் உண்டு. ஸ்ரீவ் லின்போர்ட் 1998இல் நிறுவிய ‘ஸ்பாம்ஹவுஸ்’ பெயர் பெற்றது. அதன் பட்டியலில் ஓர் இலக்கம் ஏறினால், அதனைப் பின்பற்றும் சேர்வர்கள் அங்கிருந்து வரும் அஞ்சலை வாசலிலேயே திருப்பிவிடும். 2008 நவம்பர் 11ஆந் திகதி கலிபோர்னியாவிலிருந்த ‘மக்கோலோ’ என்னும் நிறுவனத்தின் இணைப்பை, அதற்கு இணையம் வழங்கியவர்கள் துண்டித்தனர். உலகத்தின் ஸ்பாம் அளவில் பெரும்பகுதி சில மணி நேரத்துள் வீழ்ந்தது. பின்னர் மெல்ல மெல்ல ஏறியது. பட்டியலுக்கும் வழக்குகள் உண்டு: ‘ஈ360’ என்னும் விளம்பர நிறுவனம் 2006இல் ஸ்பாம்ஹவுசுக்கு எதிராக 1 கோடி 17 இலட்சம் டொலர் நட்டஈட்டுத் தீர்ப்புப் பெற்றது. மேன்முறையீடுகளின் முடிவில், 2011இல் அது 3 டொலராகச் சுருங்கிற்று!

ஆனால், ஒரே இலக்கத்தைப் பல வாடிக்கையாளர் பகிர்ந்துகொள்ளும் சிறு நிறுவனங்களில், அயல்வீட்டான் செய்த தவற்றுக்காக அடுத்தவீட்டுக் கடிதமும் தடைப்படும். மாடிவீடுகள் நிறைந்த நம் பகுதியினருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நம் விடயத்திலோ அயலவனைக் குறை கூற இடமில்லை. முகவரிகள் பத்தாண்டுப் பழையவை. கைவிடப்பட்ட முகவரிகளைச் சில நிறுவனங்கள் ஸ்பாம் பிடிக்கும் பொறிகளாக மாற்றிவிடுவதுண்டு; அவற்றுள் எதிலேனும் நாம் சிக்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, நம் பெயரைத் தலைப்பில் எழுதாமல் ‘அவசர உதவி’ என்று மட்டும் எழுதியிருந்தோம். இளவரசரும் அப்படித்தானே எழுதுகிறார்! நிறுவனத்தார்க்கு விளக்கக் கடிதம் எழுதி, பட்டியலைச் சீர்செய்து, கணக்கை மீட்க ஒன்பது நாட்கள் சென்றன. அதற்குள் விடுதிக்கட்டணத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. ஆசிரியர் சிலர் கைக்காசைச் சேர்த்துக் கட்டினோம்.

ஆறு வாரங்களின் பின்னர் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. “சேர், உங்கட கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள்ள கிடந்தது, இண்டைக்குத்தான் கண்டனான். பொடியனுக்குக் கம்பியூட்டர் வாங்கியாச்சோ?” என்றது பழகிய குரல். இன்னும் இல்லை என்றோம்.