மாதத்துக்கு மாதம் மாறும் வியாபாரம்!

“சில்லறை விற்பனை உயர்வு”, “கடைகளில் வியாபாரம் சரிவு” என்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. போன மாதத்தைவிட இந்த மாதம் குறைவு என்றால், நாட்டில் பணப் புழக்கம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா? அப்படி அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. காரணம், 12 மாதங்களும் ஒரே மாதிரி மாதங்கள் அல்ல!

தென்காசி மாவட்டத்தில் உள்ள குருவிகுளத்தைப் பாருங்கள். ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை ஊர். சுற்றிலும் கரிசல் காடு. வானத்தை நம்பி நடக்கும் மானாவாரி விவசாயம். புரட்டாசியில் விதைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் எழும்பும். உளுந்தும் பாசிப்பயறும் முதலில் வீடு வந்து சேரும். அதன் பிறகு மக்காச்சோளம், பருத்தி. தை, மாசியில்தான் கையில் நாலு காசு புரளும்.

இந்த மாதிரி ஊர்களில் புரட்டாசி வந்தால் விதைக்கும் உரத்துக்கும் பணம் போய்விடும். பலர் விரதம் இருப்பதால் இறைச்சிக் கடையிலும் கூட்டம் குறையும். மளிகைக் கடையில் சாமான் போகும். ஆனால் பணம் வராது. கடன் நோட்டில் பக்கம்தான் நிறையும். தை பிறந்தால் பழைய பாக்கி தீரும். பானை, கரும்பு, மஞ்சள், வேட்டி, சேலை எல்லாம் ரொக்கத்துக்கு விற்கும்.

ஆடியில் இரண்டு கதை

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. புது வீடு புகுவதும் கிடையாது. எனவே தமிழ்நாடு முழுவதும் ஜவுளிக் கடைகளுக்கு அது மந்தமான மாதம். அந்த மந்தத்தைப் போக்கக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் “ஆடித் தள்ளுபடி”. தீபாவளிச் சரக்கு வருமுன் பழைய சரக்கைத் தள்ளிவிடலாம். ஜனங்களுக்கும் விலை மலிவு. கெட்டிக்கார யோசனைதான்!

ஆனால் சங்கரன்கோவிலில் கதையே வேறு. அங்கே ஆடியில்தான் ஆடித்தபசுத் திருவிழா. கோமதி அம்மன் தவம் இருந்து சங்கரநாராயணர் காட்சியைக் கண்ட விழா. சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து ஜனங்கள் திரண்டு வருவார்கள். பூ, தேங்காய், வளையல், பொம்மை, மிட்டாய் என்று கடைத்தெரு களைகட்டும். மற்ற ஊர்களுக்கு மந்தமான மாதம், சங்கரன்கோவிலுக்குத் திருவிழா மாதம்!

நாட்டுக் கணக்கு

ஓர் ஊரின் கணக்கே இப்படி என்றால், ஒரு நாட்டின் கணக்கை எப்படிப் போடுவது?

அமெரிக்காவில் மக்கள் தொகைக் கணக்கெடுக்கும் அரசாங்க இலாகாவே இதையும் செய்கிறது. தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வியாபார நிறுவனங்களிடம் “எவ்வளவு விற்றீர்கள்?” என்று மாதந்தோறும் கேட்கிறது. அடுத்த மாதம் நடுவில் கணக்கை வெளியிடுகிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் என்பதால் விற்பனை உச்சிக்கு ஏறும். ஜனவரியில் சடாரென்று இறங்கும். இது வருஷம் தவறாமல் நடப்பது. அதனால் பண்டிகையால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறார்கள்.

இந்தியாவில் வியாபாரத்தின் போக்கை அறியப் பலர் பார்ப்பது ஜி.எஸ்.டி. வசூலை. 2017 ஜூலை 1-ந்தேதி வந்த வரி இது. 2025 ஏப்ரலில் வசூல் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் கோடி ரூபாய். அடுத்து வந்த மே மாதத்தில் சுமார் 2 லட்சத்து 1 ஆயிரம் கோடி. ஒரே மாதத்தில் 36 ஆயிரம் கோடி குறைவு!

வியாபாரம் படுத்துவிட்டதா? இல்லை. மார்ச் மாதம் வருஷக் கணக்கை முடிக்கும் மாதம். அந்த மாதத்து வியாபாரத்துக்கான வரி ஏப்ரலில் வந்து சேரும். அதனால் ஏப்ரல் தொகை பொதுவாகப் பெருத்து நிற்கும். 2024 மே மாதத்தில் வசூல் சுமார் 1 லட்சத்து 73 ஆயிரம் கோடிதான். மே மாதத்தை மே மாதத்தோடு வைத்துப் பார்த்தால் 16 சதவீதம் உயர்வு!

இந்த வசூலில் இறக்குமதிச் சரக்கின் வரியும் சேர்ந்திருக்கிறது. அதே சமயம், காய்கறிக்கும் சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. குருவிகுளத்துச் சந்தையில் விற்கும் கத்தரிக்காய் டெல்லிக் கணக்கில் ஏறாது!

தீபாவளி எந்த மாதம்?

போன வருஷத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. 2023-ல் தீபாவளி நவம்பர் 12-ந்தேதி. 2024-ல் அக்டோபர் 31-ந்தேதி. எனவே 2024 நவம்பரில் தீபாவளி வியாபாரமே இல்லை. இரண்டு நவம்பரையும் பக்கத்தில் வைத்தால் ஜவுளி வியாபாரம் விழுந்தது போலத் தெரியும். அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி.

தமிழ் மாதக் கணக்கில் இரண்டு தீபாவளியும் ஐப்பசியில்தான். அதற்காக அந்தக் கணக்கிலும் ஏமாந்துவிடக் கூடாது. 2025-ல் ஐப்பசி 3-ந்தேதியே தீபாவளி. புதுத்துணி எடுக்கும் வேலை பெரும்பாலும் புரட்டாசியிலேயே முடிந்துவிட்டது!

விலைவாசியையும் மறக்கக் கூடாது. போன வருஷம் கிலோ 100 ரூபாய்க்கு 10 கிலோ பருப்பு விற்றார் ஒரு கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வரவு 1,000 ரூபாய். இந்த வருஷம் கிலோ 120 ரூபாய். விற்றது 9 கிலோ. வரவு 1,080 ரூபாய். பணக் கணக்கில் வியாபாரம் கூடியிருக்கிறது. அடுப்பில் வெந்த பருப்போ ஒரு கிலோ குறைந்திருக்கிறது. குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கரிசல் காட்டுக் கடைக்காரருக்கு இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் முந்திய கணக்கு ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு எவ்வளவு சரக்குப் போடலாம் என்பதை அவர் கார்த்திகையிலேயே முடிவு செய்தாக வேண்டும். கடன் வாங்கிச் சரக்கைக் குவித்த பின் விளைச்சல் பொய்த்தால், துணி அலமாரியில் தூங்கும், வட்டி தூங்காது. அதனால் கார்த்திகையில் எத்தனை மழை பெய்தது, உளுந்து பூப்பிடித்ததா, பருத்தியில் புழு விழுந்ததா என்று கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டே இருப்பார். அந்தப் பதில்களைக் கேட்ட பிறகுதான் மொத்த வியாபாரியிடம் சரக்குக்குச் சொல்லி அனுப்புவார்.