நத்தையை உடைக்காமல் தின்னும் நாரை! வடுவூர் ஏரியைப் பற்றித் தெரியுமா?

மன்னார்குடி மதிலழகு என்று நாமே எத்தனை நாள்தான் பெருமை பேசிக்கொண்டிருப்பது? மதிலைத் தாண்டி, தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஏறி வடுவூரில் இறங்குங்கள். அங்கே இருக்கும் ஏரி உலகப் பட்டியலில் இடம்பெற்ற ஏரி, தெரியுமா? 128 ஹெக்டேர் பரப்பு. 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்காக நாட்டில் 75 ராம்சர் தலங்கள் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள்) என்று கணக்கை நிறைவு செய்தார்களே, அந்தக் கடைசிப் பட்டியலில் வடுவூரும் உண்டு!

இத்தனைக்கும் இது பறவைகளுக்காக உண்டான ஏரி இல்லை. வயலுக்குப் பாயும் பாசன ஏரி! மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வாய்க்கால் வழியே தண்ணீர் வந்து சேர வேண்டும். அப்புறம் ஐப்பசி மழை கைகொடுக்க வேண்டும். ஜூன் 12 வந்தால் மேட்டூரில் மதகு தூக்குவார்களா என்று விவசாயி காத்திருக்கிறார் அல்லவா? வடுவூருக்கு வரும் கொக்கு, நாரையின் பிழைப்பும் அதே மதகில்தான் இருக்கிறது.

நத்தைக்குத்தி நாரையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. அலகை இறுக மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டியில் தெரியுமே, அப்படி. ஆனால் குஞ்சுக்கு இந்தச் சந்து கிடையாது! அலகு நேராகவே இருக்கும்; வளர வளரத்தான் இடைவெளி விழும். எதற்கு இந்தச் சந்து? ஜூலியன் ஹக்ஸ்லி என்ற பெரிய உயிரியலாளரே 1960இல் இதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் துழாவி நத்தையைப் பிடித்ததும், கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் விட்டு, ஒட்டியிருக்கும் தசையை அறுத்துச் சதையை உருவிவிடுகிறது. வெற்று ஓடு பெரும்பாலும் நொறுங்காமல் கிடக்கும். நாற்றங்கால் ஓரம் கிடக்கும் ஓடுகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

சரணாலயம் என்றாலே “ஃபாரின் பறவை” என்று நாம் துள்ளுகிறோம். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதில் பெரும்பாலானவை நம்மூர்ப் பறவைகளே! நத்தைக்குத்தி, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் எல்லாமே இந்த மண்ணின் பிரஜைகள்தான். கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவைதான் இமயத்துக்கு அப்பாலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வருபவை. உள்ளூர்க்காரர் என்றால் ஊரைவிட்டு நகராதவர் என்றும் எண்ணிவிடாதீர்கள்: தாய்லாந்தில் காலில் வளையம் மாட்டிய நத்தைக்குத்தி வங்கதேசத்தில் அகப்பட்டிருக்கிறது, சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி!

நீர்க்காகம் ஏன் சிறகை விரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது? அதன் வெளி இறகு நனையும்! நனைந்தால் மிதப்பு குறையும், முங்குவது சுலபம். மீனைப் பிடித்துத் தின்றபின் வெயிலில் காயவேண்டிய கட்டாயம். இலைக்கோழி என்ற நீர்ப்பறவையின் வீட்டிலோ அப்பாதான் அடைகாப்பார். முட்டையிட்ட அம்மா அடுத்த ஜோடி தேடிப் போய்விடுவாள்!

இன்னும் தெற்கே, நெல்லையின் கூந்தன்குளம் வரை போனால் வரித்தலை வாத்து. லடாக், திபெத், மங்கோலியா மலைப்பள்ளத்தாக்கு ஏரிகளில் பிறந்து, இமயமலையைத் தாண்டி வருகிறது. ஏழாயிரம் மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் நம்மால் நாலு எட்டு நடக்க முடியாது!

பறவைகளை நம் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? சிவகங்கையின் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பக்கத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசையே விட்டுவிட்ட கிராமங்கள் இருக்கின்றன. வேடந்தாங்கல் விவசாயிகளோ எச்சம் கலந்த ஏரித் தண்ணீரை உரமாகவே நினைக்கிறார்கள்.

சரி, வடுவூர்க் கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாமா? அந்த ஆசை வேண்டாம், இது சரணாலயம். மன்னார்குடியிலோ தஞ்சையிலோ அறை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் கிளம்புங்கள். கார்த்திகை முதல் தை வரை நல்ல காலம். பைனாகுலர் கட்டாயம், பளிச் நிறச் சட்டை வேண்டாம். சித்திரையில் போய்விட்டு “ஒரு பறவைகூட இல்லையே” என்று யாரையும் திட்டாதீர்கள், அப்போது ஏரியில் தண்ணீரே இருக்காது.