கடல் தூண்டிற்கோல்: உறுதியும் வேண்டும், சிக்கனமும் வேண்டும்

புத்தூர் கடற்கரை ஊர் அன்று. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே, மலைகளை அடுத்து அமைந்த ஊர் அது. ஆயினும் வஞ்சிரம் என்னும் மீனை அங்குள்ள தமிழரும் தெலுங்கரும் ஒரே பெயரால்தான் அழைக்கின்றனர். புத்தூர் அடங்கிய திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரல் 4 அன்று உருவானபோது, பழவேற்காட்டு ஏரியின் கரையையும் தன் எல்லைக்குள் பெற்றது. அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. அதற்கு அப்பால் வங்கக் கடல். காலையில் புறப்பட்டால் பழவேற்காட்டையோ காசிமேட்டையோ சென்றடைந்துவிடலாம் என்ற நிலையில், விடுமுறை நாளில் முறையான படகொன்றை அமர்த்திக்கொண்டு கடலில் தூண்டில் போட விழைவோர்க்குத் தூரம் ஒரு தடையன்று. எத்தகைய தூண்டிற்கோலை, எவ்வளவு செலவில் வாங்குவது என்பதே அவர்கள் முன் நிற்கும் கேள்வி. அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இழுவலை வேறு, இழுவைத் தூண்டில் வேறு

ஓடும் படகின் பின்னால் இரையையோ போலி இரையையோ நரம்பில் கட்டி இழுத்துச் செல்வது ஒரு பழைய முறை. ஆங்கிலத்தில் இதனை ட்ரோலிங் என்பர். கடலடியை வாரிச் செல்லும் விசைப்படகின் இழுவலையோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இழுவலை அகப்பட்டதையெல்லாம் அள்ளும். இழுவைத் தூண்டில் விரைந்து நீந்தும் சில மீன்களையே, ஒவ்வொன்றாகப் பிடிக்கும். வஞ்சிரம், சூரை, பாறை, சீலா ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தூத்துக்குடிப் பகுதி மீனவர் கோல் இன்றி, கைக்கயிற்றாலேயே இம்முறையில் வஞ்சிரமும் சூரையும் பிடித்து வந்துள்ளனர்.

பொழுதுபோக்காகச் செல்வோருக்குக் கோலும் ரீலும் துணை செய்கின்றன. மீன் திடீரெனப் பாயும்போது அந்த அதிர்ச்சியைக் கோல் வளைந்து வாங்கிக்கொள்கிறது. ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கிறது. வளைந்து கொடுப்பதும் உடையாதிருப்பதும் ஒருங்கே அமைந்ததுதான் நல்ல கோல். எலும்பு முறிந்தோர்க்கு மூங்கிற்பட்டை வைத்துக் கட்டும் புத்தூர்க் கட்டை அறிந்தவர்களுக்கு அந்தக் குணத்தை விளக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டிலிடுதல் குறித்து 1873இல் நூல் வெளியிட்ட காலத்தில், கோல் என்றால் மூங்கிலோ மரமோதான். இன்று அவ்விடத்தைக் கண்ணாடியிழையும் கரியிழையும் பிடித்துக்கொண்டுள்ளன.

கண்ணாடியிழையா, கரியிழையா?

கடைகளில் பெரும்பாலும் மூவகைக் கோல்கள் கிடைக்கின்றன. கண்ணாடியிழைக் கோல் சற்றுக் கனமானது, நன்கு வளையும், படகின் விளிம்பில் மோதினாலும் எளிதில் உடையாது, விலையும் குறைவு. கரியிழைக் கோல், அதாவது கார்பன் அல்லது கிராபைட் எனப்படுவது, மிக இலேசானது; விறைப்பானது; விலை கூடியது. அதில் ஒரு சிறு கீறலோ இடியோ பட்டால், அடுத்த பெரிய மீனின்போது அவ்விடத்திலேயே முறிய வாய்ப்புண்டு. இரண்டையும் கலந்து செய்வது மூன்றாம் வகை.

கரையில் நின்று நாள் முழுதும் வீசி எறிவோருக்கு இலேசான கோல் தேவை. இழுவைத் தூண்டிலில் கோல் பெரும்பாலும் தாங்கியிலேயே நிற்கிறது. மீன் பிடிபட்ட பின்னரே கைக்கு வருகிறது. ஆகவே கரியிழையின் இலேசுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் இங்கே அதிகம் பயன் தருவதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை ஃபைபர் படகுகள். அலையிலும் மணலிலும் அடிபட்டும் உழைக்கும் அப்படகுகள் கண்ணாடியிழையால் ஆனவையே. முதல் கோல் வாங்குவோர் கண்ணாடியிழையையோ கலப்பு வகையையோ தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம் என்பது நம் கருத்து.

நரம்புக்கு ஏற்ற கோல்

ஒவ்வொரு கோலின் அடித்தண்டிலும் அது தாங்கும் நரம்பின் வலு அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது பவுண்டுக் கணக்கில் இருக்கும். ஒரு பவுண்டு ஏறத்தாழ 454 கிராம். 1939இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் நரம்புகளை 10, 15, 24, 37, 60 கிலோ எனப் பல தரங்களாக வகுத்துள்ளது. பெருங்கடல்களில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மீனைத் தேடுவோர்க்குரியது 60 கிலோத் தரம். ஃபைபர் படகில் சென்று வஞ்சிரமும் சூரையும் தேடுவோருக்கு 20 முதல் 40 பவுண்டு, அதாவது 9 முதல் 18 கிலோ வரையிலான நரம்புக்குரிய கோல் போதுமானது. அதற்கு மேற்பட்ட தரத்தை வாங்கினால் செலவும் கூடும், கையும் வலிக்கும், சிறிய மீனின் இழுப்பும் தெரியாது.

ரீலில் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பை டிராக் என்பர். அதனை நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 15 கிலோ நரம்பாயின் அது சுமார் 4 முதல் 5 கிலோ. ஒரு சாதாரண வில் தராசை நரம்பின் முனையில் மாட்டி இழுத்தால் கரையிலேயே இதனை அளந்துவிடலாம். அளக்காமல் இறுக முறுக்கிவிடுவது கோல் முறிவதற்கு ஒரு முக்கியக் காரணம். நைலான் நரம்பு சற்று நீளும். அந்த நீட்சியும் அதிர்ச்சியை வாங்கும். பின்னல் நூல் நீளாது. ஆகவே முழு அதிர்ச்சியும் கோலின்மேல் இறங்கும். புதியவர்கள் நைலானோடு தொடங்குவது நல்லது. வஞ்சிரத்தின் பற்கள் கத்தி போன்றவையாதலால், தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கேனும் எஃகுக் கம்பி இணைக்க வேண்டும்.

கோலைக் கொல்வது உப்பு

கடல் தூண்டிற்கோல்கள் மீனால் அழிவதைவிட உப்பால் அழிவதே மிகுதி. கண்ணாடியிழைத் தண்டு உப்புக்கு அஞ்சாது. அதில் பொருத்தப்பட்டுள்ள உலோக உறுப்புகளே முதலில் கெடுகின்றன. ஆகவே தண்டின் பளபளப்பைவிட உறுப்புகளின் தரத்தையே கூர்ந்து நோக்க வேண்டும்.

முதலாவது, நரம்பு ஓடும் வளையங்கள். அவற்றின் சட்டம் கடல்நீருக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகால் ஆனதாக இருத்தல் வேண்டும். 316 என்னும் தரம் 304ஐவிட உப்பை நன்கு தாங்கும். முலாம் பூசிய சட்டங்கள் பூச்சு உரிந்ததும் துருவேறும். சில கோல்களில் வளையத்துக்குப் பதில் சிறு உருளைகள் இருக்கும். அவை கனத்த நைலான் நரம்புக்கு ஏற்றவை. ஆனால் எண்ணெயிட்டுப் பராமரிக்காவிடில் உப்பேறி இறுகிவிடும். மெல்லிய பின்னல் நூல் அவற்றின் இடுக்கில் சிக்குவதும் உண்டு. ஆண்டுக்குச் சில முறை மட்டுமே கடலுக்குச் செல்வோருக்கு நல்ல பீங்கான் உட்புறம் கொண்ட வளையங்களே தொல்லையற்றவை.

இரண்டாவது, ரீலைப் பொருத்தும் இருக்கை. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் ஒன்று விரைந்து அரிக்கப்படும். மெல்லிய அலுமினியத்தின்மேல் எஃகுத் திருகு அமைந்த இருக்கைகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. மூன்றாவது, அடிமுனையிலுள்ள சிலுவை வடிவ வெட்டு. கோல் தாங்கியில் சுழலாமல் நிற்க இது தேவை. இந்த வெட்டு இல்லாத கோலை இழுவைத் தூண்டிலுக்கென வாங்க வேண்டாம்.

இரயிலில் செல்லும் கோல்

இழுவைக் கோலுக்கு ஐந்தரை முதல் ஏழு அடி நீளம் போதும். நடுவில் இணைப்பில்லாத தண்டே வலுவானது. ஆனால் ஏழு அடிக் கோலைப் பேருந்திலோ இரயிலிலோ கொண்டுசெல்வது எளிதன்று. அடித்தண்டு மட்டும் தனியே கழன்று வரும் கோல்கள் இதற்கு நல்ல வழி: வளையும் பகுதி ஒரே துண்டாக இருக்கும், பயணமும் எளிதாகும். வன்பொருள் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயொன்றை அளவாக வெட்டி, இருபுறமும் மூடியிட்டால் சிறந்த உறை கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான எந்தக் கோலும் ஆபத்தானதே. புத்தூர் வழியாகச் செல்லும் அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் தலைக்குமேல் ஓடும் கம்பிகளில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. நடைமேடையில் கோலை உறையிலிருந்து எடுக்கவோ நிமிர்த்தவோ கூடாது. இடி மின்னல் தொடங்கினால் கடலிலும் கோலைத் தாழ்த்திவிட்டுக் கரை திரும்ப வேண்டும்.

விலையும் ஆயுளும்

விலையை மட்டும் பார்க்காமல், ஒரு பயணத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது நல்லது. ஆண்டுக்கு ஆறு பயணம் எனக் கொள்வோம். கணக்கின் வசதிக்காக மூன்று விலைகளை எடுத்துக்கொள்வோம். 3,000 ரூபாய்க் கோல் இரண்டே ஆண்டில் துருவேறிவிட்டால், 12 பயணங்கள். பயணத்துக்கு 250 ரூபாய். நல்ல உறுப்புகள் கொண்ட 7,200 ரூபாய்க் கண்ணாடியிழைக் கோல் எட்டு ஆண்டு உழைத்தால், 48 பயணங்கள். பயணத்துக்கு 150 ரூபாய். 24,000 ரூபாய்க் கரியிழைக் கோலும் அதே எட்டு ஆண்டு உழைத்தால், பயணத்துக்கு 500 ரூபாய். மலிவானது மலிவாக முடிவதில்லை. விலை உயர்ந்ததும் அதற்கேற்ற பயன் தருவதில்லை. நடுத்தரக் கோலின் சிறப்பு அதுவே. கோல் கடலில் முறிந்தால் அன்றைய டீசல் செலவும் படகு வாடகையும் வீணாகும் என்பதையும் இக்கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொழுதுபோக்குப் பொருளுக்குக் கடன் அட்டைத் தவணையை நாடுவதைவிட, ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குவது மேல். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். சேமிக்கவும் பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே ஏற்ற காலம். இணையத்தில் புகழ்பெற்ற நிறுவனத்தின் கோலை நம்ப முடியாத தள்ளுபடியில் காட்டும் விளம்பரங்களை நம்பி முன்பணம் அனுப்பக் கூடாது. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். பொருளில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டுக்கும் உரிய ரசீது கையில் இருக்கட்டும்.

தூண்டிலையே தொழிலாகக் கொண்ட நம் கரையோர வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி. 2018–19 மத்திய நிதிநிலை அறிக்கையின்படி கிசான் கடன் அட்டை வசதி மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. டீசல், பனிக்கட்டி, கூலி போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு இதனைப் பயன்படுத்தலாம். படகின் பதிவுச் சான்றும் மீன்பிடி உரிமமும் கொண்டு அருகிலுள்ள கிளையை அணுகலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கோலை வாங்குமுன் சில எளிய சோதனைகள் செய்யலாம். சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தினுள்ளும் சுழற்றினால், விரிசல் இருக்குமிடத்தில் இழை சிக்கிக்கொள்ளும். வளையங்கள் அனைத்தும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். வளையங்களைக் கட்டிய நூலின்மேல் உள்ள பூச்சில் குமிழியோ வெடிப்போ இருந்தால் அதன்வழியே உப்புநீர் புகும். ரீலை எடுத்துச் சென்று இருக்கையில் பொருத்தி, ஆட்டம் உள்ளதா என அறிய வேண்டும். நரம்பை ஓட்டி, ஒருவர் முனையை இழுக்கக் கோலை மெல்ல வளைத்துப் பார்த்தால், நரம்பு தண்டில் உரசுகிறதா என்பது தெரிந்துவிடும்.

கரை திரும்பிய பின்

வாங்கிய கோலின் ஆயுள் கடலிலிருந்து திரும்பும் மாலையில்தான் தீர்மானமாகிறது. ரீலைக் கழற்றிவிட்டு, கோல் முழுவதையும் நல்ல நீரால் மென்மையாகக் கழுவ வேண்டும். நீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு இடுக்குகளுக்குள் புகுந்துவிடும். துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே உறையில் இட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்த கோல் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். ரீலின் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். நைலான் நரம்பு வெயிலால் வலுவிழக்கும். ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நன்று.

கடலிலும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பிடிபட்ட மீனைக் கோலாலேயே படகுக்குள் தூக்கக் கூடாது. கோலைச் செங்குத்தாக நிமிர்த்தும்போது முழுப் பாரமும் மெல்லிய முனையில் ஏறி, அது முறிந்துவிடும். மீனை ஏற்றுவதற்குக் கொக்கியோ கைவலையோ உண்டு.

புறப்படுமுன் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும், ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காயிஸ் வெளியிடும் அலை நிலவரத்தையும் பார்ப்பது கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் எழும் காலம். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடை வேண்டும். கோல் வாங்கும் பட்டியலில் முதல் வரியாக அதனையே எழுதிக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.