நொதியின் கூட்டாளி

நெல்லிக்குப்பம் என்றாலே பாரி சர்க்கரை ஆலைதான், 1842லிருந்து. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு, மொலாசஸ். அதை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் ஆல்கஹால் ஆக்கித் தந்துவிடும். வேலையைச் செய்பவை ஈஸ்ட்டின் நொதிகள், அதாவது என்சைம்கள். ஆனால் நொதி மட்டும் இருந்தால் போதாது.

1906ல் லண்டனில் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் ஈஸ்ட்டைப் பிழிந்த சாற்றை ஜெலட்டின் வடிகட்டியில் அழுத்தி வடித்தார்கள். மேலே புரதங்கள் தங்கின, சின்ன மூலக்கூறுகள் கீழே இறங்கின. மேலே நின்றதைச் சர்க்கரையில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கீழே வடிந்ததைப் போட்டாலும் இல்லை. இரண்டையும் சேர்த்ததும் நுரைத்தது! எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை: வடிந்த சாற்றைக் கொதிக்க வைத்துச் சேர்த்தார்கள், அப்பவும் நுரைத்தது. கொதித்தால் புரதம் அவித்த முட்டை மாதிரி கெட்டுப்போகும். ஆக, கூட்டாளி புரதமே இல்லை. (நாங்கள் புரோகிராமில் பிழை தேடுவதும் இப்படித்தான், பாதி பாதியாகப் பிரித்து.)

அதில் முக்கியமானது என்.ஏ.டி. என்ற துணைநொதி. சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜனை ஏற்றிச் செல்லும் வண்டி. எண்ணிக்கை ரொம்பக் கம்மி. ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் சரக்கு இறக்காமல் நின்றால் வயலில் வெட்டு நின்றுவிடும் இல்லையா, அதே கதை. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சரக்கை அசிட்டால்டிஹைடு மேல் இறக்குகிறது. அதுதான் ஆல்கஹால். நமக்காக அது தயாரிக்கவில்லை, காலி வண்டிக்காகத்தான்.

இறக்கும் நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். அதற்கு முந்தைய நொதிக்கு மெக்னீசியமும் வைட்டமின் பி1லிருந்து வரும் ஒரு துணைநொதியும் வேண்டும்.

அதே பி1 இல்லாமல் நம் மூளையும் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க முடியாது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கும். அதனால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்களுக்கு பெரிபெரி குறைவு. தினமும் குடிப்பவருக்கோ சாப்பாடும் குறைவு, குடல் பி1ஐ உறிஞ்சுவதையும் ஆல்கஹால் தடுக்கிறது. ஈஸ்ட் எந்த பி1ஐ வைத்து ஆல்கஹால் செய்ததோ, அதையே ஆல்கஹால் குடிப்பவரிடமிருந்து பிடுங்குகிறது. பிறகு நடை தள்ளாடும், கண் நிலைகொள்ளாது, பேச்சு குழம்பும். வீட்டில் "போதை தெளியட்டும்" என்று படுக்க வைத்துவிடுவார்கள். அந்தத் தாமதத்தில் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். இப்படி வருபவருக்கு டாக்டர்கள் குளுக்கோஸ் ஏற்றும் முன்பே பி1 ஊசி போடப் பார்ப்பார்கள். குளுக்கோஸ் முதலில் போனால், மிச்சமிருக்கும் கொஞ்ச பி1ம் அதை எரிப்பதிலேயே தீர்ந்துவிடும்.