எண்ணிக்கையில் மெலியும் மலையகம்

1971 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப் பதிவான மலையக மக்கள் 11 இலட்சத்து 74 ஆயிரம் பேர். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் மூன்றரை இலட்சம் பேரைக் காணோம். 1974ஐ ஒட்டித் தோட்டங்களைப் பட்டினி வாட்டியது உண்மைதான். ஆனால் பட்டினி மட்டும் இவ்வளவு பெரிய ஓட்டையைப் போட்டிருக்க முடியாது. காணாமல்போனவர்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்தார்கள். இன்னொரு பகுதியினர் எங்கும் போகவில்லை. அதே லயத்தில், அதே காம்பராவில்தான் இருந்தார்கள். படிவத்தில் மட்டும் வேறு கட்டத்துக்கு மாறிப்போனார்கள்.

முதலில் கடல் கடந்தவர்களைப் பார்ப்போம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்தியாவின் பங்கில் விழுந்தவர்கள் அட்டன், கொட்டகலை, தலவாக்கலை நிலையங்களில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். 1984இல் அந்தக் கப்பல் சேவை நின்றபோது ஒப்பந்தமும் பாதி வழியில் நின்றது. இன்றைக்கும் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழகத்தின் கூடலூரிலோ கோத்தகிரியிலோ சொந்தம் இல்லாத குடும்பம் அபூர்வம். அங்கே போனவர்களில் பலர் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள்.

இந்தியத் தமிழர் என்ற தனிக் கட்டம் 1911 குடிசன மதிப்பீட்டில்தான் வந்தது. அதற்கு முன் தமிழர் எல்லோரும் ஒரே கணக்கு. அந்த ஆண்டின் எண்கள் இன்று படிப்பவரைத் திகைக்க வைக்கும்: இந்தியத் தமிழர் 5,30,983, இலங்கைத் தமிழர் 5,28,024. நாட்டின் தமிழரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் அன்று தோட்டங்களை நம்பி வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். 1946இலும் 1953இலும் இதே நிலைதான் நீடித்தது.

அந்தப் பலம் 1947 தேர்தலில் தெரிந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அப்போது கொட்டகலை என்றே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. கே. குமாரவேலு அங்கிருந்து தெரிவானார். பக்கத்துத் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் எஸ். தொண்டமான். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது; இவர்களில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. மறுபடி ஒரு மலையகத் தமிழர் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போக 1977 வரை, அதாவது முப்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் அதிகம் பேசப்படாத தந்திரம் ஒன்று உண்டு. தொகுதிகளை வகுப்பதற்கு வாக்காளரை அல்ல, மக்கள் தொகையையே அடிப்படையாகக் கொண்டார்கள். 75 ஆயிரம் பேருக்கு ஓர் ஆசனம். அந்தத் தொகையில் வாக்கில்லாத தோட்டத் தொழிலாளரும் அடக்கம். இவர்களின் தலைகளை எண்ணி மலைநாட்டுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆசனங்களை நிரப்பியது மற்றவர்களின் வாக்கு. குடிசன மதிப்பீடு வெறும் புள்ளிவிபரம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விடயத்தை யோசித்தால் போதும். கொட்டகலைத் தொகுதியும் 1960 மார்ச் தேர்தலோடு வரைபடத்திலிருந்து போய்விட்டது.

இனி, கட்டம் மாறியவர்கள். 1981இல் நுவரெலியா மாவட்டத்தில் ‘இலங்கைத் தமிழர்’ பத்து வீதத்துக்கும் அதிகம் என்று பதிவாகியது. 2012இல் அதே மாவட்டத்தில் அது 4.5 வீதம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இத்தனை பேர் மலையேறி வந்து மறுபடி இறங்கிப் போனதாக யாரும் சொல்லமாட்டார்கள். நடந்தது எளிது. பிரஜாவுரிமை கிடைத்ததும் பலர் ‘நான் இலங்கையன், ஆகவே இலங்கைத் தமிழன்’ என்று சொன்னார்கள். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தையும் நாடு கடத்தலையும் பார்த்தவர்களுக்கு, ‘இந்திய’ என்ற ஒட்டு எந்த நேரமும் கப்பல் ஏற்றிவிடும் ஒட்டாகவே தெரிந்தது. அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. நாடற்றவர் என்ற நிலையை முடித்துவைக்க 1988இல் ஒரு சட்டமும், மிச்சம் இருந்தவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன.

இந்தக் குழப்பத்தைப் பார்க்கத் திணைக்கள அறிக்கை வேண்டியதில்லை. தோட்டத்து வீட்டில் சுவாமிப் படத்தட்டுக்குக் கீழே பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் பத்திரங்களை விரித்தால் போதும். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் ‘இந்தியத் தமிழர்’. மூத்த மகளுடையதில் ‘இலங்கைத் தமிழர்’. தம்பியுடையதில் மறுபடி ‘இந்தியத் தமிழர்’. அக்கா தம்பி இருவரும் பிறந்தது ஒரே ஆஸ்பத்திரியில். பதிவாளர் கேட்காமலே எழுதியிருக்கலாம், தகப்பன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். அடுத்த குடிசன மதிப்பீட்டுக்கு வரும் உத்தியோகத்தர் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவார்?

2012இல் நாடு முழுவதும் இந்தியத் தமிழர் 8,39,504 பேர், 4.1 வீதம். 2024 குடிசன மதிப்பீட்டில் முதன்முறையாக ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் அதே கட்டத்தில் சேர்க்கப்பட்டது. நீண்ட காலக் கோரிக்கை அது. 2023இல், முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்திலும் அந்தப் பெயர்தான் முன்னால் நின்றது. முடிவு வந்தபோது பங்கு 2.8 வீதம், ஏறத்தாழ 6 இலட்சம் பேர். அதே காலத்தில் இலங்கைத் தமிழர் 11.1 வீதத்திலிருந்து 12.3 வீதமானார்கள். வடக்கிலிருந்து வெளிநாட்டுக்குப் போவது நிற்காத காலம் இது. நாட்டின் மொத்தத் தொகை பன்னிரண்டு ஆண்டுகளில் ஏழு வீதம் அளவில்தான் கூடியது. அப்படியிருக்க இலங்கைத் தமிழர் தொகை மட்டும் பதினெட்டு வீதம் கூடியதைப் பிறப்பு விகிதத்தால் விளக்க முடியாது. இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் குறைந்தவர்களில் பெரும்பாலோர் மற்றதில் ஏறியிருக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. மலையக அமைப்புகள் தங்கள் மக்கள் தொகையை 15 இலட்சம் வரை சொல்கின்றன. அது கூடுதலாக இருக்கலாம்; ஆனால் 6 இலட்சம் நிச்சயம் குறைவு.

படிவம் மாறினால் மக்கள் மாறுவது இலங்கையின் தனிச்சொத்து அல்ல. கனடாவில் பூர்வீகம் பற்றிய கேள்விக்கு எடுத்துக்காட்டாகத் தரும் பட்டியலில் 1996இல் ‘கனேடியர்’ என்பதைச் சேர்த்தார்கள். 1991இல் சுமார் நான்கு வீதத்தினர் சொன்ன விடையை 1996இல் முப்பது வீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். ஆனால் அங்கே ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பூர்வீகங்களை எழுதலாம். ஒன்ராறியோவில் குடியேறிய அட்டன்காரர் தன்னைத் தமிழர் என்றும் இலங்கையர் என்றும் கனேடியர் என்றும் ஒரே படிவத்தில் சொல்லிவிடலாம். அவருடைய தம்பி கொட்டகலையில் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களையும் சேர்த்து 2012இல் 25 இலட்சத்து 71 ஆயிரம் பேர். கண்டியும் மாத்தளையும் சிங்களப் பெரும்பான்மை. நுவரெலியா மட்டும் வேறு: 7,11,644 பேரில் இந்தியத் தமிழர் 53 வீதம், சிங்களவர் ஏறக்குறைய 40 வீதம். அன்று நாட்டிலேயே இந்தச் சமூகத்தவர் பாதிக்கு மேற்பட்டவர்களாக இருந்த மாவட்டம் இது ஒன்றுதான். அந்தப் பெரும்பான்மைக்கு இங்கே கிடைத்தது என்ன? இரண்டு இலட்சம் பேர் அளவில் வாழ்ந்த நுவரெலியாப் பிரதேசத்துக்கு ஒரே பிரதேச சபை, அம்பகமுவவும் அப்படியே. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2018 தேர்தலோடுதான் இரண்டும் ஆறாகி, கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் தனிச் சபைகள் வந்தன. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாவதைத் தடுத்துவந்தது. அதுவும் 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினருக்கு, அந்த லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட அதிகாரம் இருக்கவில்லை.

தோட்டத்தில் வாழ்பவரும் தோட்டத் தொழிலாளரும் ஒன்றே என்ற பழைய கணக்கும் இனிச் செல்லாது. 1992இல் கம்பெனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில், இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலும் படித்து ஆசிரியர்களானவர்களும் ஏராளம். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறியவர் புள்ளிவிபரத்தில் தன் சமூகத்தை விட்டும் வெளியேறிவிடுகிறார். முன்னேறியவர்களைக் கழித்துவிட்டு மிஞ்சியவர்களை மட்டும் எண்ணும் அட்டவணை, அந்தச் சமூகம் உண்மையில் இருப்பதைவிட ஏழையாகவும் சிறியதாகவும் இருப்பதாகக் காட்டும்.

இலங்கைத் தமிழர் என்று பதிவது யாருக்கும் உரிமை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்து பதிகிறோமா என்பதுதான் கேள்வி. தொகைமதிப்பு உத்தியோகத்தர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, அவர் கையில் உள்ள படிவத்தில் உங்களுக்கு எதிரே எந்தக் கட்டம் நிரப்பப்பட்டது என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்குள், வீட்டில் உள்ள பிறப்புப் பத்திரங்களை ஒருமுறை எடுத்து வாசித்து, பிள்ளைகளுக்குள் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள்.