சின்னியும் வெடிச் சத்தமும்

கல்கிசையில் நான் சந்திக்கப் போகும் அக்கா ஒருவர் 2010இல் முல்லைத்தீவிலிருந்து வந்தவர். பொமரேனியன் கலப்பு நாய் சின்னிதான் அவருக்குத் துணை. புதுவருட வெடி கேட்டால் இருவரும் கட்டிலுக்குக் கீழே.

"அதைத் தடவத் தடவ என்ரை நடுக்கம் நிக்குது பிள்ளை."

அந்நேரம் அதை வெளியே இழுக்கக்கூடாது. (எங்களையுந்தான்!)

அடர்ந்த மயிருக்குக் கொழும்பு வெக்கை ஆகாது. தினமும் சீவி, காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். மிச்சக் கறி போடாதீர்கள்; வெங்காயம் அதற்கு நஞ்சு. வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வீட்டுக்காரர் நாயை விடச் சொன்னார். அக்கா வீட்டைத்தான் விட்டார். புதிய வீட்டுக்காரர் முதலில் கேட்டது சின்னியின் தடுப்பூசி அட்டையை. அது அக்காவின் கைப்பையில், அடையாள அட்டையோடு இருந்தது.