சென்னை டூ பாண்டி வீக்எண்ட் டிரிப்: பெட்ரோலை எங்கே போட்டால் லாபம்? உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

சிங்கப்பூரில் இருந்து லீவுக்கு வந்த மாப்பிள்ளை, மயிலாப்பூர் மாமனார் வீட்டில் இருந்து குடும்பத்தோடு பாண்டிச்சேரி கிளம்புகிறார். "இங்க டேங்க்க ஃபுல் பண்ணாதீங்க மாப்ள, பாண்டில பெட்ரோல் விலை கம்மி" என்கிறார் மாமனார். "அப்போ பார்டர்ல செக் பண்ண மாட்டாங்களா மாமா?" என்று கேட்கிறார் மாப்பிள்ளை.

இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் பதிவான காரில் வார இறுதிக்கு மலேசியாவின் ஜொகூர் பாரு, மலாக்கா பக்கம் போக வேண்டுமென்றால், டேங்கில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் மீட்டரைப் பார்ப்பார்கள். குறைந்தால் 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலேசியாவில் விலை பாதிக்கும் குறைவு என்பதால், எல்லோரும் அங்கே போய் நிரப்பினால் சிங்கப்பூருக்கு வரி வருமானம் போய்விடும். மலேசியாவும் மானிய விலை ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு காருக்குக் கொடுப்பதில்லை. ரான் 97 தான்.

நம்ம ஊரில் அப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் மாமனார் சொல்லும் லாபம் எவ்வளவு என்பதுதான் விஷயம்.

விலை ஏன் மாறுது?

பெட்ரோல், டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றுதான். அதற்கு மேல் வாட் வரியை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குப் போடலாம். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. இதுவே 2021 ஆகஸ்டில் குறைக்கப்பட்ட பிறகு உள்ள கணக்கு. அந்த 11.52 அடிப்படை விலை இறங்கினாலும் இறங்காது.

புதுச்சேரி 2021 நவம்பரில் வாட் வரியை நன்றாகக் குறைத்தது. அதன் பிறகு சென்னைக்கும் பாண்டிக்கும் லிட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல் இடைவெளி இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே வாட் கொஞ்சம் ஏறியதால் லிட்டருக்கு சுமார் 2 ரூபாய் கூடியது. 2025 நிலவரப்படி சென்னையில் 101 ரூபாய்க்குப் பக்கம், பாண்டியில் 96 ரூபாய் சொச்சம். அதாவது 4 முதல் 5 ரூபாய் வித்தியாசம். டீசலில் இன்னும் கொஞ்சம் அதிகம், 6 ரூபாய்க்குப் பக்கம். விலை தினமும் காலை 6 மணிக்கு மாறலாம் என்பதால் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்க.

சரி, கணக்குக்கு வருவோம்

மயிலாப்பூரில் இருந்து ஈசிஆர் வழியாகப் போய்வர சுமார் 300 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்ற 30 கிலோமீட்டர் சேர்த்தால் 330. கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 22 லிட்டர் தேவை. சென்னை விலையில் சுமார் 2,200 ரூபாய். நாலு பேர் என்றால் தலைக்கு 550. உத்தண்டியில் தொடங்கி டோல் செலவு தனி.

இதில் பாதியை, அதாவது 11 லிட்டரை பாண்டியில் போட்டால் மிச்சமாவது 44 முதல் 55 ரூபாய். அவ்வளவுதான்! மயிலாப்பூரில் ஒரு நல்ல ஃபில்டர் காபி காசு.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது 30 லிட்டர் நிரப்பிக்கொண்டு வந்தால் 120 முதல் 150 ரூபாய் வரை மிச்சம். அது அடுத்த வாரம் தி.நகர், அடையாறு சுற்ற ஆகும். பெரிய டீசல் கார் என்றால் 40 லிட்டருக்கு 240 ரூபாய். இது மோசமில்லை. ஆனால் கேனில் பிடித்து டிக்கியில் வைத்துக் கொண்டுவரும் வேலை மட்டும் வேண்டாம், வெயிலில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம்.

இதைவிடப் பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே கார் 15-க்குப் பதில் 17 கிலோமீட்டர் கொடுத்தால் தேவை 19.4 லிட்டர்தான். 260 ரூபாய் மிச்சம், எந்த பங்க்கில் போட்டாலும்! சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பி அடையாறு, திருவான்மியூர் சிக்னல்களைத் தாண்டிவிடுவது, டயரில் சரியான காற்று, ஈசிஆரில் 80-ஐத் தாண்டாமல் ஒரே சீராக ஓட்டுவது - இதற்கு இதுவே போதும். தி.நகர் பார்க்கிங்கில் ஏசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றால் அரை லிட்டருக்குக் குறையாமல் போய்விடும், அங்கேயே பாண்டி லாபம் காலி. பழைய கார் என்றால் இ20 பெட்ரோலால் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்கணும். இ0 பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது.

எந்த பங்க் எந்த ஊர்?

ஈசிஆரில் இது ஒரு குழப்பம். கனகசெட்டிக்குளம் வந்ததுமே புதுச்சேரி எல்லை ஆரம்பம். காலாப்பட்டு, பல்கலைக்கழகம் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டி முத்தியால்பேட்டையில் திரும்பவும் புதுச்சேரி. "பாண்டி வந்தாச்சு"னு கோட்டக்குப்பத்தில் நிரப்பினால் பில்லில் தமிழ்நாட்டு விலைதான் இருக்கும். பங்க்கில் உள்ள விலைப் பலகையைப் பார்த்துவிட்டுப் போடுங்க.

அதுக்காக ரிசர்வில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். மாமல்லபுரம் தாண்டினால் சென்னை மாதிரி அடுத்தடுத்து பங்க் கிடைக்காது. சென்னையில் 10 லிட்டர் போட்டால் பாண்டி வரை தாங்கும், கூட 2 லிட்டர் இருந்தால் நிம்மதி.

வெளிநாட்டில் இருந்து வந்து செல்ஃப் டிரைவ் கார் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெரும்பாலும் எடுத்தபோது இருந்த அளவு பெட்ரோலோடு திருப்பிக் கொடுக்கணும், குறைந்தால் அவர்கள் போடும் ரேட்டைக் கட்டணும். அந்தமாதிரி காரில் டேங்கை ஃபுல் பண்ணிக்கொண்டு வந்தால், மிச்சம் உங்களுக்கு இல்லை, அடுத்து எடுப்பவருக்குத்தான். சாவி வாங்கும்போதே மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.